நூற்றியொரு ரூபாய் ஆவுடையப்பன்

களஞ்சியத்துக்கு எட்டுக் கட்டம் தள்ளிப்
பசியோடு நின்றுகொண்டிருக்கிறார் ஆவுடையப்பன்.
நின்றுகொண்டு என்றா சொன்னேன்? இல்லை.
வடக்கே ஓரடி வைக்கிறார். திரும்புகிறார்.
தெற்கே ஓரடி. திரும்புகிறார்.
உள்ளே நானூறு மூட்டை நெல்.
கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது.

இந்தக் குடியேற்றத்துக்கு நாற்பத்தொரு பேர் வேண்டியிருந்தது.
பெயர் யோசிக்கச் சோம்பல்பட்டு
என் கல்யாண மொய் நோட்டைத் திறந்து
மேலிருந்து வரிசையாக அடித்துவிட்டேன்.
அப்படி வந்தவர் இவர்:
மேலப்பாட்டம் ஆவுடையப்பன், நூற்றியொன்று.

வண்ணார்பேட்டையில் மிக்சி ரிப்பேர் கடைக்கு மேலே
எங்கள் ஆபீஸ். மூன்று நாற்காலி.
கீழே மோட்டாரை ஓட்டிப் பார்த்தால்
என் மேசையில் டீ அலையடிக்கும்.
செவ்வாய்க்கிழமைக்குள் கேமை அனுப்பவேண்டும்.
அன்றைக்கு மேலப்பாளையத்தில் ஆட்டுச் சந்தை.
முன்னீர்ப்பள்ளத்திலிருந்து எப்சிபா
வந்து சேர மத்தியானம் ஆகிவிடும்.

முதலில் கதவைச் சந்தேகப்பட்டேன்:
யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லை.
எல்லோருக்கும் உண்டு.
அப்புறம் மூலைக் கட்டத்தை.
குறுக்கே நழுவும்போது தோள் இடிக்குமோ என்று
சுவரையே இடித்துப் பார்த்தேன்.
வழியில் படுத்திருந்த எருமையை அழித்தேன்.
பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.
வழி தேடும் கோடை வரிக்கு வரி நிறுத்தி ஓட்டினால்
ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் சொல்கிறது:
வடக்கே போ, எட்டே கட்டம்.
அடுத்த நொடி கேட்டால்
தெற்கே போ, கலுங்கைச் சுற்றி அறுபத்திரண்டு.
இரண்டும் உண்மை.
அதுதான் எரிச்சல்.

ராத்திரி பதினொன்று. கரண்ட் போய் வந்தது.
"இருவது அடி நடக்கதுக்குள்ள
மறுபடி யோசிக்கப்பிடாதுன்னு போட்டுரு"
என்றாள் எப்சிபா போனில். போட்டேன்.
ஆவுடையப்பன் திரும்பாமல் நடந்தார்,
நேராக, நிறைந்து ஓடிய வாய்க்காலுக்குள்.
பின்னாலேயே இரண்டு பேர்.
"ஏட்டி, மூணு பேரும் போய்ட்டாவ."
"சேவ் பண்ணிருக்கியாட்டி?"
பண்ணியிருந்தேன்.
மூவரும் ஈரமில்லாமல் எழுந்தார்கள்.

வாய்க்கால்.
சற்று முன்னால் அங்கே தண்ணீர் இருந்ததா?
ஆவுடையப்பனை விட்டுவிட்டு
கேமராவை மேற்கே நகர்த்தினேன்.
மடையடியில் பூலுடையார், முந்நூற்றியொன்று,
பலகையைத் தூக்குகிறார், இறக்குகிறார்,
தூக்குகிறார், இறக்குகிறார்.
வயலின் ஈரம் அறுபதுக்குக் கீழே போனால் திற,
அறுபதைத் தொட்டால் அடை:
நான்தான் எழுதியிருக்கிறேன், மார்ச்சில்,
காய்ச்சலோடு ஒரு சாயங்காலம்.
ஐம்பத்தொன்பதே முக்கால். அறுபது. ஐம்பத்தொன்பதே முக்கால்.
பலகை இறங்கினால் வாய்க்கால் காய்ந்து வடக்கே வழி பிறக்கும்.
ஏறினால் நனைந்து மூடும்.
ஒருத்தர் சொன்ன சொல்லைத் தட்டாமல் கேட்டதில்
இன்னொருத்தருக்குச் சோறில்லை.

நாற்பதில் திற, அறுபதில் அடை என்று மாற்றினேன்.
மாறியது ஒரே ஓர் எண்.
பூலுடையார் பலகையை இறக்கிவிட்டு அசையாமல் நின்றார்.
அவர் உட்காருவதை நாங்கள் இன்னும் வரையவில்லை.

ஆவுடையப்பன் நடந்தார்.
எட்டுக் கட்டம்.
நான் எண்ணினேன், சத்தமாக.

நோட்டில் இருக்கிற ஆவுடையப்பன் யாரென்று
வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.
பொண்ணு வீட்டு ஆளு என்கிறார் மாமியார்.
உங்க ஆளுவதானே என்கிறாள் அம்மா.
மூன்றாம் பந்தியில் சாம்பார் தீர்ந்துபோனது மட்டும்
இரண்டு வீட்டுக்கும் ஞாபகம்.
மொய் எழுதிவிட்டு
எந்த வாசல் வழியாகப் போனாரோ.

இங்கே சாப்பிட்டார். பசி பச்சையானது.
ஒரு மூட்டை குறைந்தது.
பிறகு, உண்ட களைப்பில்,
சரியாகக் களஞ்சிய வாசலில்
காலை நீட்டிப் படுத்தார்.
வெளியே வரிசையில் பதினான்கு பேர்.
தலைக்கு மேல் ஒவ்வொன்றாகச் சிவக்கிறது.

மணி இரண்டு. எப்சிபா எடுக்கவில்லை.
எழுப்பினால் எழுந்துவிடுவார்தான்.
சேவ் பண்ணி மூடினேன்.
விடிகிறவரை
அங்கே யாருக்கும் பசிக்காது.